மூன்று முட்டையும் ஒற்றை விரலும்

முயல் விரலை மடக்கி எண்ணியதுதான் குற்றம் என்று செவ்வாய்க்கிழமை காலை தெரிந்தபோது, தோகிகோவுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்ற சந்தேகம்தான் வந்தது. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள் அவள். வீட்டைப் பூட்டினால் திரும்பிப்போய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் நான்கு நாள் செய்த வேலையில் முதல் விநாடியிலிருந்தே பிழை என்கிறார்கள்.

டோக்கியோவின் மேற்கு ஓரத்தில், முன்பு பட்டுநூல் கிடங்காக இருந்த கட்டடத்தில் அந்தப் பொம்மைப் படக்கூடம் இயங்கியது. கதையையும் பாட்டையும் அமெரிக்காவில் எழுதி, பேச்சையும் அங்கேயே பதிவுசெய்து நாடாவாக அனுப்பிவிடுவார்கள். பொம்மை செய்து, உடுத்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் படம் பிடிப்பது இங்குள்ள பதினான்கு பேரின் பாடு. இந்த முறை வந்தது ஈஸ்டர் சிறப்புப் படம். ஏப்ரலில் அந்த நாட்டுத் தொலைக்காட்சியில் ஓட வேண்டும். மலையூர் ஒன்றில் அப்பா அம்மா இல்லாத நான்கு பிள்ளைகள். அவர்களுக்கு நான்கு வண்ண முட்டை கொண்டுபோகிற முயல்; ஈஸ்டருக்கு முயல் முட்டை கொண்டுவரும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் நம்பிக்கை. வழியில் ஒரு முட்டை காணாமல் போகிறது. அவ்வளவுதான் கதை.

அந்த ஒரு முட்டை போனதை முயல் கண்டுபிடிக்கிற இடம் தோகிகோவுக்குக் கிடைத்திருந்தது. மூன்று வருடமாகப் பொம்மைகளுக்குச் சட்டை தைத்து, கூட்டக் காட்சியில் பின்வரிசைப் பொம்மைகளின் கையை ஆட்டிக்கொண்டிருந்தவள். டிசம்பரில் ஓனுகி, கூடத்தை நடத்துகிறவர், அவளைக் கூப்பிட்டு, "இந்தக் காட்சிய நீ பண்ணு. தேறிச்சுன்னா அடுத்த படத்துல உனக்குன்னு ஒரு பொம்மை. தேறலேன்னா ஊசி நூல் எங்கேயும் போயிடாது" என்றார். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்திரண்டு விநாடிக் காட்சி. முயல் கூடையைப் பார்க்கிறது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுகிறது. பிறகு ஒன்பது விநாடி பேச்சே இல்லை. வந்த தாளில் "முயல் விரல்விட்டு எண்ணும்" என்று ஒரே வரி. தோகிகோ கண்ணாடி முன் உட்கார்ந்து, நேரம் பார்க்கும் கடிகாரத்தை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் நாற்பது முறை எண்ணிப் பார்த்தாள். எல்லோரும் எண்ணுவதுபோலத்தான்: விரித்த கை; ஒன்று என்றால் கட்டைவிரலை மடக்கு, இரண்டு என்றால் ஆள்காட்டி விரலை மடக்கு. அமெரிக்காவிலிருந்து வந்த வரைபடத்தில் முயலுக்கு நான்கே விரல். "ஒண்ண வெட்டி யாருக்கோ மன்னிப்புக் கேட்டுட்டு வந்த ரவுடி முயல்" என்று ஒளிப்பதிவாளர் ஷிமோமுரா முதல் நாளே பெயர் வைத்திருந்தார்; ஜப்பானிய ரவுடிக் கூட்டத்தில் தப்புச் செய்தவன் தன் விரலை வெட்டிக் கொடுத்துத்தான் மன்னிப்புக் கேட்பான். மூன்று வரை மடக்கினால் சுண்டுவிரல் மட்டும் தனியாக நிற்கும். முயல் அந்த ஒற்றை விரலைப் பார்க்கும். விரல் லேசாக நடுங்கும். கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருளும். அந்தச் சொட்டு கிளிசரின். ஊசிமுனையால் அரைக்கால் அங்குலத்தைப் பதினெட்டுத் தடவையாக இழுத்திருந்தாள்.

திங்களன்று பதினான்கு பேரும் கூடி அதைப் போட்டுப் பார்த்தார்கள். முடிந்ததும் ஷிமோமுரா, "சுண்டுவிரல நீட்டுது. முட்டைய இல்ல, காதலியத் தேடுது போல" என்றார். அங்கே சுண்டுவிரலை நீட்டிக் காட்டினால் காதலி என்று அர்த்தம். ஆனால் அவரும் கம்பளித் தொப்பியைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டதை அவள் கவனித்தாள்.

செவ்வாயன்று கேர்ன்ஸ் வந்தார். அமெரிக்கக் கம்பெனியின் ஆள். டோக்கியோவிலேயே ஏழு வருடமாக இருப்பவர். ஜப்பானிய மொழியை மதுக்கடைகளில் கற்றுக்கொண்டவர். ஆகவே அறுபத்தொரு வயது ஓனுகியையும் "நீ" என்றுதான் பேசுவார்; மற்றவர்கள் மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிடுவார்கள். முட்டைகளின் நிறத்தை மூன்று முறை மாற்றச் சொன்னவரும் அவரே. நீலம் போதாது, நீலம் அதிகம், பழைய நீலமே இருக்கட்டும்.

படம் ஓடி முடிந்தது. விளக்குப் போட்டார்கள்.

"ஏய் ஓனுகி, உன் முயலுக்குக் கணக்கு வராதா? மூணுன்னு சொல்லுது, ஒரு விரலக் காட்டுது."

"காட்டல கேர்ன்ஸ்-சான். எண்ணுது."

"எண்ணினா விரல் ஒண்ணொண்ணா எழும்பணும். இது ஒண்ணொண்ணா படுக்குது! எங்க ஊருப் பிள்ளைங்க பாத்தா, முயல் பின்னாலிருந்து எண்ணுது, ராக்கெட் விடப் போகுதுன்னு நினைக்கும்."

"அடுத்தவங்களுக்குக் காட்டுறப்போ நாங்களும் நீட்டுவோம். தனக்குத்தானே எண்ணுறப்போ மடக்குவோம். காட்டுல தனியா நிக்கிற முயல் யாருக்குக் காட்டணும்?"

"யாருக்கா? பெட்டி முன்னால குந்தியிருக்கிற அத்தனை பிள்ளைக்கும்!"

கேர்ன்ஸ் தன் முரட்டுக் கையை நீட்டி எண்ணிக் காட்டினார். முஷ்டியிலிருந்து ஆள்காட்டி விரல், நடுவிரல், அடுத்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கியே இருந்தது. "இப்படி. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"எங்க சின்னப் பிள்ளைக்கு வேற தெரியும்" என்றார் ஷிமோமுரா, படம் போடும் கருவியைப் பார்த்தபடி.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் படப்பெட்டி விமான நிலையத்துக்குப் போகணும். இந்தக் காட்சி இப்படியே போனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." அவர் அப்போதுதான் தோகிகோவைப் பார்த்தார். "நீயா பண்ணினது? கண்ணீர் நல்லாயிருக்கு. கைதான் தப்பு."

பதினான்கு பேர் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தார்கள். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை; அத்தனை பேரும் மடக்கி எண்ணுகிறவர்கள். தப்பு எல்லோருடையது, மறுபடி செய்ய வேண்டியவள் மட்டும் தான் ஒருத்தி என்று நினைத்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை யார்மேல் வைப்பதென்று தெரியாமல் தேநீர்க் கெண்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

"ஒரு வழி இருக்கு" என்றார் ஷிமோமுரா. "பின்னாலிருந்து முன்னால ஓட்டுவோம். மடங்கின விரல் தானா எழும்பும். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது எழும்புறதுக்கு முன்னாடி வெட்டிடலாம்."

"வாய் பொருந்தாதே?" என்றாள் தோகிகோ.

"வாய் என்னத்த? முயல் வாய். யாரு பாக்குறா?"

வேறு வழி இல்லாததால் பார்த்தார்கள். சின்னப் பார்வைக் கருவியில் படச்சுருளைத் தலைகீழாகச் சுற்றினார்கள். விரல்கள் எழும்பத்தான் செய்தன. ஆனால் அதற்கு முன்னால், முயலின் கன்னத்தில் இருந்த கண்ணீர்ச் சொட்டு மெதுவாக மேலே ஏறி, இமையைத் தாண்டி, கண்ணுக்குள் போய் மறைந்தது. முயல் நிம்மதியாக நிமிர்ந்தது.

ஷிமோமுரா சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. "அழுகையத் திருப்பி எடுத்துக்கிச்சு! கஞ்ச முயல்!"

தோகிகோவும் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே தன்மீதே எரிச்சலானாள். "பதினெட்டு அசைவு, ஷிமோமுரா-சான். ஊசியால."

"தெரியும்மா. நான்தானே பிடிச்சேன்."

மதியம் அவள் கணக்குப் போட்டாள். விநாடிக்குப் பன்னிரண்டு வீதம் இருபத்திரண்டு விநாடிக்கு இருநூற்று அறுபத்து நான்கு அசைவுகள். வியாழன் மாலை சுருளைக் கழுவக் கொடுத்தால் வெள்ளி காலை பார்க்கலாம். புதனும் வியாழனும் சேர்த்துப் பதினெட்டு மணி நேரம். ஓர் அசைவுக்கு நான்கு நிமிடம். நம்பாமல் இன்னொரு முறை வகுத்தாள். நான்கே நிமிடம்தான்.

இதற்கிடையில் பொம்மை செய்யும் மேசையிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்படுவது என்பார்களே, அதுதான். முயலின் விரலுக்குள் இருப்பது ஈயக் கம்பி. முப்பது தடவை வளைந்தால் ஒடியும். இருந்த மாற்றுக் கைகளை ஏற்கெனவே ஓட்டப் பந்தயக் காட்சியும் நடனக் காட்சியும் தின்றுவிட்டன. மிச்சம் ஒரே ஒரு வலக்கை. அதுவும் நடனத்தில் ஆடிய கை. வெள்ளிக்குள் புதிது செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, "தோல் காயவே மூணு நாள்" என்று பதில் வந்தது.

புதன் காலை தொடங்கினாள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. வெளியே ஜனவரிக் குளிர். மண்ணெண்ணெய் அடுப்பைப் பக்கத்தில் வைத்தால் கிளிசரின் இளகி ஓடும். தூரத்தில் வைத்தால் அவளுடைய விரல்களே மடங்காது. கண்ணாடி முன் உட்கார்ந்து கேர்ன்ஸ் மாதிரி எண்ணிப் பழகினாள். "ஒன்று" என்றவுடன் கை தானாக விரிந்து கட்டைவிரல் மடங்கியது. திட்டிக்கொண்டே முஷ்டியை மூடினாள். இருபத்தேழு வருடப் பழக்கம். அதை ஒரு காலையில் மாற்று என்றால் கை எப்படிக் கேட்கும்?

அதைவிட உறுத்தியது வேறொன்று. மடக்கி எண்ணினால் காணாமல் போன முட்டை கண்ணெதிரே நிற்கும். தனியாக, ஒரு விரலாக. நீட்டி எண்ணினால் இருக்கிற மூன்றுதான் நிற்கும். இல்லாதது எங்கே? உள்ளங்கைக்குள், யாருக்கும் தெரியாமல். அமெரிக்கர்கள் எண்ணுவது இருப்பதை மட்டும்தானா என்று அவள் ஷிமோமுராவிடம் கேட்டாள்.

"நீ விரல நகர்த்தும்மா. தத்துவம் வெள்ளிக்கிழமைக்கப்புறம்."

கட்டைவிரலைத்தான் நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாள். மூன்று விரல் நின்றபின், கட்டைவிரல் மெல்ல எழும்பப் பார்க்கும்; பாதி வந்து, தனக்குரிய முட்டை இல்லை என்று தெரிந்ததுபோலத் திரும்ப மடங்கும். அதற்குப் பன்னிரண்டு அசைவு ஏற, பதினாறு அசைவு இறங்க. பின்பு கண்ணீர்.

வியாழன் மூன்று மணிக்குக் கட்டைவிரல் ஏறிவிட்டது. இறங்கத் தொடங்கிய இரண்டாவது அசைவில், அவள் கைக்குள் 'டிக்' என்று ஒரு மெல்லிய சத்தம். கட்டைவிரல் தொங்கியது.

அவள் அசையவில்லை. அசைந்தால் மேசை அசையும்.

"ஒடிஞ்சுதா?" என்றார் ஷிமோமுரா.

"ஒடிஞ்சுது."

"பசை?"

"ஒட்டினா ஒரு மணி நேரம் காயணும். வீங்கித் தெரியும்." அவளுக்கு அழ வேண்டும்போல் இருந்தது, அதற்கும் நான்கு நிமிடம் ஆகும். "இந்த முயல், இந்த முட்டை, இந்தப் பண்டிகை! முயல் எப்போ முட்டை போட்டுது? ஒரு நாளாவது யாராவது கேட்டாங்களா?"

"போடாது. கொண்டுபோகும், அவ்வளவுதான். தபால்காரன் மாதிரி."

"தபால்காரன் விரல்விட்டு எண்ண மாட்டான்!"

பதினான்கு அசைவு பாக்கி இருந்தது. தொங்குகிற விரலை எப்படியாவது மறைத்தாக வேண்டும். அவள் யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. சும்மா கிடந்த முயலின் இடக்கையைத் தூக்கினாள். அசைவுக்கு அசைவு அருகே கொண்டுவந்து, ஒடிந்த கட்டைவிரலை அதைக் கொண்டு மூடினாள். குளிர்ந்த குஞ்சு ஒன்றைப் பொத்துவதுபோல மூன்று விரலும் இடக்கையுமாகச் சேர்ந்து நின்றன. பிறகு கண்ணீர்ச் சொட்டு, ஊசி, பதினெட்டு அசைவு. ஐந்து ஐம்பதுக்கு முடிந்தது. சுருளை வாங்கிக்கொண்டு ஷிமோமுரா ஸ்கூட்டரில் பறந்தார்.

வெள்ளி காலை கேர்ன்ஸ் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். தோகிகோ கடைசி வரிசையில் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று; விரல்கள் எழுந்தன. கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. இடக்கை வந்து அதை மூடியது. ஒன்பது விநாடி. அவள் திரையைப் பார்க்கவில்லை. ஓனுகியின் பிடரியைப் பார்த்தாள். அது அசையவில்லை.

விளக்கு வந்தது.

"எண்ணிக்கை சரி" என்றார் கேர்ன்ஸ். "இன்னொரு கையால எதுக்கு மூடுது? தாள்ல இல்லையே."

தோகிகோ மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் பொம்மையை உடைத்தவள்; சொல்லாவிட்டால் பொய்க்காரி.

"குளிருது" என்றார் ஷிமோமுரா.

கேர்ன்ஸ் ஒரு கணம் யோசித்தார். "ஆமா. மலையூர்ல?"

"மலையூர்தான்."

"சரி, போகட்டும்." கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் காலணி மாட்டிக்கொண்டே, "கண்ணீர் போன தடவைதான் நல்லாயிருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டும் ஒரே பதினெட்டு அசைவு. தோகிகோ அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு மணிக்குப் பெட்டி போனபின் ஓனுகி அவள் மேசைக்கு வந்தார். ஒரு கட்டுத் தாளை அவள் தையல் பெட்டியின்மீது வைத்தார். "அடுத்தது கிறிஸ்துமஸ். கதாநாயகன் ஒரு வாத்து. அது உன்னோடது."

அவள் எழுந்து குனிந்து வணங்கினாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஓனுகி-சான், இதுல அது எதையாவது எண்ணுமா?"

"இன்னும் படிக்கல. நீயே பாரு."

அவள் நின்றபடியே புரட்டினாள். ஷிமோமுரா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒன்பதாம் பக்கத்தில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். 'மாதா கோயில் மணி பன்னிரண்டு அடிக்கிறது. வாத்து விரல்விட்டு எண்ணும்.'

"வாத்துக்கா?" என்றார் ஷிமோமுரா. "விரலா?"

தோகிகோ நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசை இழுப்பறையிலிருந்து நேரக் கடிகாரத்தை எடுத்தாள். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். பிறகு இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு, ஒரு தபால் தாளை எடுத்து, தன் கோணல் எழுத்தில் கேர்ன்ஸுக்கு எழுதத் தொடங்கினாள். முதல் கேள்வி: உங்கள் ஊரில் வாத்து எந்த விரலில் தொடங்கும்?