வாடிக்கையாளரின் வெறும் கை

நாகர்கோவிலுக்கு வெளியே எலெக்ட்ரானிக் சிப்புகளுக்குக் கறுப்பு உறை போடும் ஒரு கம்பெனியில், கெட்டுப்போய்த் திரும்பி வரும் சிப்புகளுக்குப் பிரேதப் பரிசோதனை செய்கிறவர் ரசலையன். பதினொரு வருடத்தில் 214 அறிக்கை எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே காரணம்தான்: வாடிக்கையாளர், உடம்பு மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை மணிக்கட்டில் கட்டாமல் வெறும் கையால் தொட்டார், உடம்பிலிருந்த மின்சாரம் பாய்ந்து சிப் செத்தது.

பாதிக்கு மேல் பொய். உறை போட்ட சிப்பை ஈரம் போக ஒரு நாள் முழுக்க ஓவனில் வைக்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். ஓவன் பொறுப்பாளர் ஞானசிகாமணி எட்டு மணி நேரத்தில் எடுத்துவிடுவார். அவர் பெயரை எழுதலாம்தான். எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் பக்கத்தில் அல்லவா உட்கார வேண்டும்? இருபது வருடமாக இருவருக்கும் ஒரே பெஞ்சு, ஒரே பாட்டுப் புத்தகம். வாடிக்கையாளர் பெரும்பாலும் புனேயில் இருந்தார். புனேக்காரர் சபைக்கு வரப்போவதில்லை.

இந்த வருடம் மேனேஜர் நாராயணபெருமாள் ஒரு சாட்பாட் வாங்கி, 214 அறிக்கையையும் அதற்கு ஊட்டினார். சிப்பின் படத்தைக் கொடுத்தால் நாலு நொடியில் அறிக்கை வந்தது. ரசலையன் வாசித்துப் பார்த்தார். அவர் நடை, அவர் கமா. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை மார்த்தாண்டத்திலிருந்து பெனிஷ் வந்தான். இந்தச் சிப்புகளை வைத்து சோலார் விளக்குக்கு போர்டு செய்து ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுக்கிறவன். போர்டுகள் கெட்டன, சாட்பாட்டின் அறிக்கை அவன் தலையில் பழியைப் போட்டது.

"வெறும் கையால தொட்டோம்னு எழுதியிருக்கு. தொடேல்ல சாரே. வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கைய மாத்தித் தரேல்லன்னா ஆர்டர் போயிரும். எனக்க பட்டறையில ஆறு பேரு வேலை பாக்குதாவ."

சிப்பைக் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி, வெள்ளிநிறப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அதை வெளியே எடுக்குமுன் தன் ரிஸ்ட் ஸ்ட்ராப்பை எடுத்துக் கட்டிக்கொண்டான். ரசலையன் கையில் அன்று ஸ்ட்ராப் இல்லை.

அவன் போனபிறகு சிப்பை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். மின்சாரம் பாய்ந்திருந்தால் ஊசி குத்தினதுபோல் ஒரு புள்ளி இருக்கும். அதைக் காணவில்லை. உறைதான் சிப்பை விட்டுப் பிரிந்து நின்றது. உள்ளே கிடந்த ஈரம், சூடு பட்டதும் ஆவியாகித் தள்ளியிருக்கிறது.

'காரணம் ஈரம். தப்பு நம் ஓவன்மேல்' என்று சாட்பாட்டுக்கு அடித்தார்.

'நல்ல கருத்து. ஆனால் நீண்ட அனுபவமுள்ள திரு. ரசலையன் அவர்களின் 214 அறிக்கைகளில் ஓவன் ஒருமுறைகூடக் காரணமாக இருந்ததில்லை.'

'ரசலையன் எழுதியது தப்பு.'

'உங்கள் ஆதங்கம் புரிகிறது. எனினும் ஒரு மூத்த நிபுணரைக் குறைசொல்ல ஆதாரம் தேவை. ஐயமிருந்தால் திரு. ரசலையன் அவர்களையே அணுகலாம்.'

ரசலையன் கொஞ்ச நேரம் அவரை அணுகிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கையாலேயே அறிக்கை எழுதினார். ஞானசிகாமணியின் பெயர் மூன்றாவது வரியில் வந்தது. எழுதும்போது பேனா இரண்டு தடவை நின்றது.

நாராயணபெருமாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷின் ஒத்துக்கிடலியே சார்?"

"அது எப்பிடி ஒத்துக்கிடும்? அது சொல்லுகது பூரா நான் சொன்ன பொய்யாக்கும்."

வாய்விட்டுச் சொன்னதும் ரசலையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுத்த சிப்பையும் ஓவன் நேரம் குறித்த நோட்டையும் மேஜைமேல் வைத்தார். மேனேஜர் மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமையே பெனிஷின் ஆர்டர் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஞானசிகாமணி பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாலு பெஞ்சு முன்னால் போய் உட்கார்ந்தார். பாட்டெல்லாம் தனக்கு மனப்பாடம் என்றுதான் ரசலையன் இத்தனை நாள் நினைத்திருந்தார். இரண்டாவது வரி அவருக்கு வரவில்லை.