மலர்வளையத்தில் தம்பியின் பேர்

மாதா கோயில் வாசலில் யேசுரட்ணம் மலர்வளையத்தை இரண்டு கையாலும் வாங்கி, நாடாவைப் படித்தான். 'எங்கள் யேசுரட்ணத்துக்கு' என்று பிரெஞ்சில் தங்க எழுத்து. தன் செத்தவீட்டு மலர்வளையத்தைத் தானே நின்று வாங்குகிற கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கொண்டுவந்தவர் பாரிசின் லா சப்பலில் உணவகம் நடத்தும் பிரெஞ்சுக்கார பத்ரோன். முதலாளி என்றாலும் நல்ல மனுசன்; தமிழ் தெரியாத சமையற்காரர் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

உள்ளே பெட்டியில் கிடந்தது அண்ணன் மடுத்தீன். யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார், பட்டதாரி. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு பாரிசுக்கு வந்தவருக்கு அகதி விண்ணப்பம் சரிவரவில்லை. தம்பியோ எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். முந்தியே வந்து வதிவிட அனுமதி காட் எடுத்து, கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தான். அந்தக் காட்டைக் காட்டி, தம்பியின் பேரிலேயே அண்ணர் உணவகத்தில் சட்டி கழுவினார். பிறகு தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்து தம்பி வீட்டோடு இருந்தபோது, அண்ணரின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிய, படுத்த இடத்திலேயே அவருக்கு நெஞ்சடைப்பு.

மனைவி ஞானமலர் அவனைத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள்.

"சுவாமியிட்டைச் சொல்லுங்கோ, பூசையிலை அண்ணற்றை பேரைச் சொல்ல வேண்டாமெண்டு. பத்ரோன் நிக்கிறார். பேர் மாத்தினது தெரிஞ்சு காட் போச்செண்டால் இனி உங்களுக்கு ஆர் வேலை தருவினம்?"

யேசுரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். போய்ச் சொன்னான். பங்குச் சுவாமி தலையசைத்தார். பூசை முழுக்க 'எங்கள் சகோதரன்' என்றே செபித்து முடித்தார்.

சேமக்காலையில் குழிக்கு மண் போடும் நேரம் வந்தது. அள்ளிய மண்ணைப் போடாமல் யேசுரட்ணம் நின்றான். பெட்டிக்குள் கிடந்தவர் அவன் வாயில் எப்போதும் 'அண்ணை'தான். மூத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா அகப்பைக் காம்பைத் தூக்கிவிடுவாள். இன்றைக்கு அந்தப் பேரைச் சொல்ல வேறு ஒருவரும் இல்லை.

"மடுத்தீன்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி மண்ணைப் போட்டான்.

ஞானமலர் அவன் கோட்டுக் கையை இறுக்கிப் பிடித்தாள். பத்ரோன் நிமிர்ந்து, அது என்ன சொல் என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் செபம் என்றான் யேசுரட்ணம்.

பத்ரோன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குளிரில் இறுகிப்போன மண்ணில் ஒரு பிடி அள்ளினார்.

"மடுத்தீன்," என்றார், கவனமாக.

பின்னால் நின்ற சமையற்காரர்களும் ஒவ்வொருவராக முன்னே வந்து, அதையே சொல்லி மண்ணைப் போட்டார்கள்.