தானா வந்தவன்

வெளிநாட்டுச் சண்டையிலிருந்து ஹஸ்ஸான் பேகம்பூருக்குத் திரும்பியபோது இடது காலுக்குள் குண்டுச் சில்லு இருந்தது. சமையல் வேலை என்றுதான் ஏஜென்ட் சடையாண்டி அனுப்பினான். போய் இறங்கியதும் புரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, துப்பாக்கியைக் கொடுத்து முன்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதே சடையாண்டி வேடசந்தூர் மண்டபத்தில் மில் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கென்று கூட்டி, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ஹஸ்ஸான் சட்டையை மாட்டினான். அம்மா குர்ஷித் பேகம் வாசலை மறித்தாள்.

"உசுரோட வந்ததே அல்லாஹ்வோட கருணை. வம்பு வேணாம்ப்பா."

"நான் இப்பப் போகலேன்னா இன்னொருத்தன் அந்தச் சண்டைக்குப் போயிருவாம்மா."

மண்டபத்துக்குள் நொண்டிக்கொண்டே நுழைந்து சடையாண்டிக்கு எதிரே நின்றான்.

"இவங்களையும் சமையலுக்குத்தான் அனுப்புறியா?"

சடையாண்டி சிரித்து மழுப்பினான். "ஏப்பா, நீயாத்தானே கையெழுத்துப் போட்டே? கழுத்தைப் பிடிச்சா தள்ளுனாங்க?"

ஹஸ்ஸான் அவனை விட்டுவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினான்.

"அங்க என்கூட ஒரே குழியில கிடந்தவன் அந்த ஊர்க்காரன். சட்டம் போட்டு வீட்ல இருந்து இழுத்துட்டு வந்துட்டாங்க. மாட்டேன்னா ஜெயிலு. என்னைப் பார்த்து, 'நீ தானா வந்தவன்தானே'ன்னு காறித் துப்புனான். மறுநாள் அவன் செத்துட்டான்."

முன்வரிசையில் இருந்த பிரபு எழுந்தான். சாணார்பட்டிக்காரன், ஸ்பின்னிங் மில்லில் வேலை.

"எங்க அண்ணனும் நம்ம மிலிட்டரிக்குத் தானாத்தாண்ணே போச்சு."

"அவருக்கு எதுல சேர்றோம்னு தெரியும் தம்பி. தெரிஞ்சு போறவரு வேற. நம்மகிட்ட சட்டி கழுவுற வேலைன்னுல்ல சொல்றான்?"

பிரபு சடையாண்டியிடம் கை நீட்டினான்.

"என் பாஸ்போர்ட்டைக் குடுங்க."

அடுத்தடுத்துக் கைகள் நீண்டன. "உன்னைச் சும்மா விடமாட்டேன்டா" என்று சடையாண்டி உறுமினான்.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கத்தான் போறேன். அங்க வந்து பேசு" என்றான் ஹஸ்ஸான்.

ஆனாலும் இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழவில்லை. வீட்டுக் கஷ்டம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. ஹஸ்ஸானைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக, பிரபு வெளியே பைக்கை எடுத்துக்கொண்டு ஹார்ன் அடித்தான். ஹஸ்ஸான் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அந்த இருவருக்கும் எதிரே போட்டு, வலித்த காலை நீட்டி உட்கார்ந்தான்.

"எம் பேரு ஹஸ்ஸான். தோல் பதனிடுற ஷாப்புல வேலை பார்த்தேன். முதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க."