ஒன்பது நாள் ஐஸ்பாய்

என் தம்பி ஒன்பது நாள் ஒளிந்திருந்தான். அந்த ஒன்பது நாளும் அவன் எங்கே இருக்கிறான் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், என் தங்கை ஒருத்தியைத் தவிர. தேட வேண்டியவள் அவள்தான்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்குப் பத்து, தங்கைக்கு எட்டு. தம்பியைக் குண்டூசி என்று கூப்பிடுவோம். அவ்வளவு ஒல்லி, கதவை முழுக்கத் திறக்காமலே உள்ளே வந்துவிடுவான். தங்கைக்கு மிளகாய் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று அவளிடம் ஐந்து நிமிடம் பேசிய யாரும் கேட்டதில்லை.

கீழ்த்தளத்தில் எங்கள் வீடும், எதிரே பஸ் டிரைவர் வீடும். மாடியில் தையல்காரரும் அவர் மனைவியும். நடுவே சிமெண்ட் முற்றம். அதில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு தூண். அந்தத் தூணில் ஓர் இடத்தில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் வழவழவென்று இருக்கும். வருஷக்கணக்காகப் பிள்ளைகள் நெற்றியை வைத்து நூறு வரை எண்ணிய இடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மை படிந்த விரலைக் கூடக் கழுவாமல் ஒரு துண்டு ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவோம். வீட்டு ரேடியோ சூடாகிப் பேச ஆரம்பிப்பதற்குள் முதல் ஆட்டம் முடிந்திருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை எண்ணியவள் மிளகாய். மாடிப்படிக்கு அடியில் என்னைக் கண்டுபிடித்தாள். டிரைவர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் ஒரே இடத்தில் பிடித்தாள். குண்டூசி மட்டும் சிக்கவில்லை. இருட்டத் தொடங்கியது.

"தோத்துட்டேன்னு கத்து. அவனே வந்துருவான்" என்றேன்.

"நான் ஏன் தோக்கணும்? ஆட்டம்தான் இன்னும் முடியலையே" என்றாள்.

அவன் இருந்தது தையல்காரர் வீட்டில். தைத்து முடித்த துணிகளை அவர் அறையின் குறுக்கே ஒரு கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார். சாப்பாட்டு நேரமாகியும் பிள்ளையைக் காணோமே என்று மாடிக்குப் போன அம்மா, ஒரு நீளச் சட்டைக்குக் கீழே இரண்டு கால்கள் இருப்பதைப் பார்த்தாள். காதைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நீ கண்டுபிடிச்சா கணக்குல சேராது" என்றான் குண்டூசி. "அவ கண்டுபிடிக்கணும். இல்லேன்னா தோத்துட்டேன்னு சொல்லணும்."

அம்மா கீழே வந்து மிளகாயிடம், "சனியனே, தோத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்டி" என்றாள். மிளகாய் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

விஷயம் அப்பாவிடம் போனது. அங்கேதான் கெட்டது. வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் இரண்டு முதுகிலும் ஆளுக்கு ஒன்று வைத்து ஆட்டத்தை முடித்திருப்பார். எங்கள் அப்பா நீதிமன்றத்தில் குமாஸ்தா. இருபது வருஷம் வாய்தா எழுதிப் பழகிய கை. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே மிளகாயிடம் ஐந்து நிமிடம் விசாரித்தார். பிறகு மாடிக்குப் போய் குண்டூசியிடம் ஐந்து நிமிடம் விசாரித்தார். இறங்கி வந்து, அம்மாவையும் என்னையும் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் யாருக்கும் தகவல் சொல்லக் கூடாது. சொன்னா அது ஒருதலைப்பட்சம்."

"பிள்ளை எங்கங்க சாப்பிடுவான்?"

"ஒளிஞ்சிருக்கிற இடத்துலதான்."

அன்றிலிருந்து அம்மா தினமும் மூன்று வேளை, தைக்கக் கொடுக்கிற துணி மாதிரி ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினாள். உள்ளே அடுக்குப் பாத்திரம். ஒருநாள் அந்தத் துணிமூட்டையிலிருந்து சாறு ஒழுகியது. "சாயம் போகுது" என்றாள் அம்மா. மிளகாய் தலையாட்டிக்கொண்டாள்.

சனி, ஞாயிறு எப்படியோ ஓடிவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம். மூன்று பேருக்கும் ஒரே பள்ளி. அப்பா தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார். நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் வேலை எனக்கு. அதனால் இன்றும் எனக்கு மனப்பாடம்: "மேற்படி மாணவன் தற்சமயம் ஒளிவில் இருப்பதாலும், மேற்படி ஆட்டம் நிலுவையில் உள்ளதாலும், அவன் வகுப்பில் இருப்பது மூன்றாம் வகுப்பு மாணவியான அவன் தங்கைக்குத் தெரியாத வண்ணம் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்."

தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு இடைவேளை எத்தனை மணிக்கு?" என்று என்னைக் கேட்டார்.

தையல்காரர் எங்கள் பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர். காலையில் சைக்கிள் கேரியரில் பெரிய துணிமூட்டை ஒன்று போகும். திரும்பி வரும்போதும் அதே கனத்தில் வரும். மூட்டைக்குள் குண்டூசி, புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு. வகுப்பில் அவனை வரைபடங்கள் வைக்கும் அலமாரிக்குள் உட்கார வைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் அவன் பெயருக்கு நேரே வந்தான், வரவில்லை என்று எதையும் போடாமல், சிவப்பு மையில் "ஒ" என்று போட்டார். ஒளிந்திருக்கிறான் என்பதன் சுருக்கம். வாய்ப்பாடு கேட்டால் அலமாரி பதில் சொல்லும். பதினாறாம் வாய்ப்பாட்டில் அலமாரி தடுமாறியபோது, ஆசிரியர் அலமாரிக் கதவில் பிரம்பால் ஒரு அடி அடித்தார்.

மிளகாய் தேடாத இடமில்லை. ரேடியோவின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தாள். மாவு டின்னில் கையை விட்டுத் துழாவினாள். டிரைவரின் பஸ்ஸில்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். செவ்வாய்க்கிழமை நிறுத்தத்தில் பஸ்ஸை மறித்து ஏறினாள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் காலைத் தூக்கிக்குங்க, பொண்ணு தம்பியைத் தேடுது" என்றார்.

"தம்பி இல்ல, அண்ணன்" என்றாள் மிளகாய்.

ஐம்பது பேர் காலைத் தூக்கிக்கொண்டார்கள். முதல் இருக்கையிலிருந்து கடைசி இருக்கை வரை அவள் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். யாரும் முனகக்கூட இல்லை. இறங்கும்போது ஒருவர், "கூரை மேல பார்த்தியாம்மா?" என்று கேட்டார். ஏணி வழியாக ஏறிப் பார்த்தாள். பஸ் பதினைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

தையல்காரர் வீட்டையும் விடவில்லை. தினம் ஒருமுறை வந்து போனாள். ஆனால் தையல்காரரும் இதற்குள் ஆட்டத்தில் முழுசாக இறங்கிவிட்டார். ஜன்னல் திரைக்கு வாங்கிய பூப்போட்ட துணியில் மிச்சம் இருந்ததை எடுத்து, குண்டூசிக்குத் தலையை மூடுகிற மாதிரி ஒரு சட்டையும் கால்சட்டையும் தைத்துக் கொடுத்தார். படியில் மிளகாயின் காலடிச் சத்தம் கேட்டால் அவன் திரைக்கு முன்னால் போய் நின்று மூச்சை அடக்குவான். அவள் அந்தத் திரையை விலக்கி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். விலக்கியபோது அவன் விலாவில் கூசியதாம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றானாம்.

தையல்காரரின் மனைவியை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. குண்டூசி பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்துப் போட்டான், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான், சாப்பிடும்போது ஓயாமல் பேசினான். ஆறாம் நாள் பாத்திரத்தைத் திருப்பி வாங்கப் போன அம்மாவிடம் அத்தை மெதுவாகச் சொன்னாள்: "அவசரம் ஒண்ணும் இல்ல. சின்னவளை நிதானமாவே தேடச் சொல்லுங்க."

அம்மா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்தாள். அன்று அம்மா சோற்றை அடியில் பிடிக்க விட்டுவிட்டாள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது மிளகாய் எழுந்து போய் குண்டூசியின் தட்டை எடுத்து வந்து, அவன் இடத்தில் வைத்து, பாதிச் சோற்றை அதில் போட்டாள்.

"எதுக்குடி?" என்றாள் அம்மா.

"ஒருவேளை இங்கேயேதான் எங்கேயாவது இருந்து, பசிச்சா?"

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா பலமாகக் கனைத்தார். அம்மா தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். நான் மிளகாயிடம், "தோத்துட்டேன்னு சொல்லிடேன்டி" என்று கெஞ்சினேன்.

"சொன்னா அவன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான். அவன் வரணும். ஆனா நான் தோக்க மாட்டேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது. முகம் என்னமோ அதே பிடிவாத முகம்தான்.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை மாலை, மிளகாயைக் காணவில்லை.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்காவது தேடிக்கொண்டிருப்பாள். ரேடியோவில் பிள்ளைகள் நிகழ்ச்சி முடிந்தது. அதை அவள் தவறவிட்டதே இல்லை. அம்மா வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். டிரைவர் டிப்போ வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தையல்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போனார். அப்பா முற்றத்தில் நின்று, "கடைசியாப் பார்த்தது யாரு? எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக் காகிதத்தில் எழுதினார்.

"எல்லாம் உங்களாலதான்! உங்க நியாயத்தைக் கொண்டுபோய் அடுப்புல வைங்க!" என்று அம்மா கத்தினாள். அந்தக் கத்தல் மாடி வரை கேட்டது.

தடதடவென்று படியில் சத்தம். தலையிலிருந்து கால் வரை பூப்போட்ட குண்டூசி நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கி, முற்றத்தின் நடுவில் வந்து நின்றான்.

"மிளகாய்! அடியே மிளகாய்! எங்கடி போனே?"

குழாய்க்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பீப்பாய் மெதுவாக ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அடியில் இரண்டு கண்கள் தெரிந்தன.

"குண்டூசி, ஐஸ்பாய்!"

அம்மா போய் பீப்பாயைத் தள்ளி, மிளகாயை இழுத்து, முதுகில் ஒன்று வைத்து, உடனே கட்டிக்கொண்டு அழுதாள். அம்மாவின் கைக்குள்ளிருந்தே மிளகாய் விரலை நீட்டினாள்: "கண்டுபிடிச்சிட்டேன். எல்லாரும் சாட்சி."

"செல்லாது! தேடறவ எப்படி ஒளியலாம்? அப்பா, சொல்லுங்க!" என்று குதித்தான் குண்டூசி.

அப்பா கையிலிருந்த காகிதத்தை மடித்தார். அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"தேடறவ ஒளியக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல" என்றார். "நீ அவுட்."

குண்டூசி கொஞ்ச நேரம் உர்ரென்று நின்றான். பிறகு, "எப்படியோ போகட்டும், எனக்கும் அலுத்துப் போச்சு. அலமாரிக்குள்ள ஒரே பூச்சி உருண்டை நாத்தம்" என்றான். மிளகாய் அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். மாடியை நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அதே பூக்கள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்று முழுக்கத் தையல்காரரோடு பேசவில்லை.

அத்தை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் குண்டூசியின் புத்தகப்பை. அம்மா ஏறிப் போய் அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிவிட்டு உடனே இறங்கவில்லை. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீங்களும் வந்து ஆடுங்களேன்" என்றாள்.

"நானா? இந்த வயசுலயா?" என்று அத்தை சிரித்தாள்.

மறுநாள் எண்ண வேண்டிய முறை குண்டூசிக்கு. தூணில் நெற்றியை வைத்து அவன் எண்ண ஆரம்பித்ததும் நான் விறகுக் கொட்டடிக்குள் ஓடினேன். அங்கே ஏற்கெனவே அம்மா உட்கார்ந்திருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் அத்தை. இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "சத்தம் போடாதே, காட்டிக்கொடுத்துடாதே" என்று என்னைக் கிள்ளினாள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். தையல்காரர் தன் சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்தார். மறைந்துவிட்டதாகவே அவர் நம்பினார்.

குண்டூசி நூறு சொல்லித் திரும்பினான். முற்றத்தில் ஈ, காக்கை இல்லை. அந்த நேரம் பார்த்து, முடி வெட்டிக்கொண்டு தோளில் துண்டோடு அப்பா வாசலில் நுழைந்தார்.

"அப்பா, ஐஸ்பாய்! நீங்க அவுட்!"

"நான் ஆட்டத்துலயே இல்லையேடா."

"ஒளியாதவங்க ஆட்டத்துல இல்லைன்னு எந்த விதியும் இல்லையே."

அப்பா யோசித்தார். கொட்டடிக்குள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா துண்டைக் கொடியில் போட்டார், தூணுக்குப் போனார், செங்கல் வழவழத்த இடத்துக்கு நெற்றியைக் கொண்டுபோக இடுப்பு வரை குனிந்தார்.

"நூறு வரைக்குமா?" என்று கேட்டார்.