செங்கமடைக்கு என்ன டேக்?

வரதராஜும் முனீஸ்வரியும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் நான்கு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரதராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கிருஷ்ணன்கோவில் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஓட்டுகிறார். காலையில் மாணவர்களை இறக்கிவிட்டால் சாயங்காலம் நாலரை வரை வண்டியைத் தொட வேண்டியதில்லை. மற்ற டிரைவர்கள் வேப்பமரத்தடியில் சீட்டாடும்போது, அவர் பஸ்ஸின் கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்து, போனில் வரைபடம் போடுவார். இணையத்தில் இருக்கும் பொது வரைபடம் அது. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் கோடு போட்டால் மட்டும் போதாது. அது ரோடா, ஓடையா, மதில் சுவரா என்று சொல்ல ஒரு டேக் கொடுக்க வேண்டும். அவர் அங்கே வைத்துக்கொண்ட பெயர் 'கடைசி சீட்டு'.

முனீஸ்வரி தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். சரக்கு ஏற்ற வரும் வேன்காரர்கள் வழி தெரியாமல் போன் போட்டு உயிரை எடுத்ததால், ஒரு நாள் கம்பெனி இருக்கும் தெருவை வரைபடத்தில் ஏற்றினாள். பிறகு பக்கத்துத் தெரு. அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. அவள் பெயர் அங்கே 'கத்தரி'.

சண்டை செங்கமடையால் வந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர். ஊருக்கு மேற்கே வரதராஜ் பெரிதாக ஒரு நீர்நிலையை வரைந்து 'குளம்' என்று டேக் கொடுத்திருந்தார். முனீஸ்வரி அதை எடுத்துவிட்டு 'விளையாட்டு மைதானம்' என்று போட்டாள். அவர் திரும்பவும் குளமாக்கினார். அவள் திரும்பவும் மைதானமாக்கினாள். திருத்தத்துக்குக் கீழே குறிப்பு எழுத இடம் உண்டு. "நேரில் பார்க்காமல் வரையாதீர்கள்" என்று எழுதினாள் அவள். "பார்த்துத்தான் வரைந்தேன். நீங்கள் நல்ல கண் டாக்டரைப் பாருங்கள்" என்று எழுதினார் அவர். இப்படிப் பதினோரு தடவை.

இதைக் கண்டுபிடித்தவள் அனுக்ரஹா. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். வரதராஜ் பஸ் ஓட்டும் அதே பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். இந்தப் பக்கத்தில் எத்தனை கண்மாய்கள் இருக்கின்றன என்பது அவளுடைய ப்ராஜெக்ட். வரைபடத்தில் கண்மாய் என்று தேடினால் பதினேழுதான் வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மற்றவை எங்கே போயின என்று உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றை ஏரி என்று போட்டிருந்தார்கள், ஒன்றை நீர்த்தேக்கம் என்று, ஒன்றைச் சதுப்பு நிலம் என்று. செங்கமடையில் மைதானம். அதன் கீழே இருந்த குறிப்புகளைப் படித்தவள், சிரிப்பை அடக்க முடியாமல் லைப்ரரியை விட்டு வெளியே ஓடி வந்தாள்.

கடைசி சீட்டில் படுத்துக்கொண்டு போனில் கோடு போடுகிற ஒருவரை அவள் தினமும் பார்த்திருந்தாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது அந்த டிரைவரைக் கேட்டாள்.

"அண்ணா, 'கடைசி சீட்டு' நீங்கதானே?"

வரதராஜ் திருட்டில் அகப்பட்டவர்போல் விழித்தார்.

கத்தரிக்கும் குறிப்பு எழுதிக் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில் மூன்று பேரும் சந்தித்தார்கள். கார்த்திகை மாதம். ஒரு வாரம் விடாமல் அடித்த மழை அன்றுதான் ஓய்ந்திருந்தது. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த முனீஸ்வரியைப் பார்த்து வரதராஜ் திகைத்துப் போனார்.

"கத்தரின்னதும் யாரோ தோட்டம் போட்டிருக்க பெரியவர்னு நெனச்சிட்டேன் தாயி."

"காய் இல்லண்ணே, துணி வெட்டுற கத்தரி" என்றாள் அவள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டாள். "பங்குனியில நான் நேர்ல போய் நின்னு பாத்தேன். கிரிக்கெட் டோர்னமென்ட். சுண்ணாம்புல கோடு போட்டு, மைக் செட் கட்டி வெளையாண்டானுவ. எந்தம்பி அஞ்சு விக்கெட் எடுத்தான். அதக் கொளம்னா எப்படிண்ணே?"

"போன வருசம் ஐப்பசியில நான் பஸ்ஸ நிறுத்திட்டு எறங்கிப் பாத்தேன். அம்புட்டுத் தண்ணி. அத மைதானம்னா எப்படி?"

அனுக்ரஹா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்ப ரெண்டு பேருமே பொய் சொல்லல. வாங்க, இப்பவே போய்ப் பாத்துடலாம்."

அவள் முனீஸ்வரியின் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டாள். வரதராஜ் பைக்கில் பின்னால் வந்தார். ஊர் எல்லையிலேயே மேளச் சத்தம் கேட்டது. கரைமேல் ஏறியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கண்மாய் நிரம்பிக் கிடந்தது. தெற்கு மூலையில், மிஞ்சிய நீரை வெளியே விடும் மறுகால் வழியாகத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. ஊரே அங்கேதான் இருந்தது. பெண்கள் குலவையிட்டுப் பூவை அள்ளி வீசினார்கள். மூன்று கல் கூட்டி வரிசையாகப் பொங்கல் பானைகள். சட்டை நனைய ஆம்பிளைகள் தண்ணீரில் இறங்கி ஆடினார்கள்.

முனீஸ்வரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "எந்தம்பி பந்து போட்ட எடத்துல மீனு துள்ளுதே!"

கரைக்குக் கீழே வயல் வைத்திருக்கும் குருவம்மாள் என்ற பெண், யார் என்ன என்று கேட்கும் முன்பே மூவர் கையிலும் இலையோடு பொங்கலைத் திணித்தாள்.

"தின்னுங்க. தண்ணி வருசா வருசம் கெடக்கும். மறுகால் பாஞ்சு ஏழு வருசமாச்சு!"

வரதராஜ் விடவில்லை. "ஏம்மா, இது கொளமா, மைதானமா?"

"என்ன இப்படிக் கேக்கிய? கண்மாய்! தண்ணி கெடந்தா வயக்காட்டுக்கு, வத்துனா பயலுவ வெளையாட. அதுக்காவ மாசத்துக்கு ஒரு பேரா வைப்பாக?"

மூவரும் கரையிலேயே உட்கார்ந்தார்கள். வரதராஜ் முதலில் ஒப்புக்கொண்டார். "டேக் பட்டியல்ல கொளந்தான் மொதல்ல இருந்துச்சு. அதத் தட்டிவிட்டுட்டேன்." சற்று நேரத்தில் பேச்சு சூடு பிடித்தது. தண்ணீர் பார்க்க எப்படி இருக்கிறது என்பதை வைத்து டேக் கொடுத்தால் மழைக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் எதற்கு என்பதை வைத்துக் கொடுத்தால் மாறாது என்றாள் அனுக்ரஹா. மடையும் மறுகாலும் இருந்து வயலுக்குப் பாய்ந்தால் கண்மாய். குடிக்க என்று காத்து வைத்தால் ஊருணி. நாலு பக்கமும் படி கட்டிச் சாமிக்குத் தெப்பம் விட்டால் தெப்பக்குளம். வற்றிப்போகும் என்றால் அதற்குத் தனியாக ஒரு குறிப்பு. எல்லாவற்றையும் முனீஸ்வரி போனில் குறித்துக்கொண்டாள். கடைசியில் அவள் முகம் வாடியது.

"அப்ப கிரிக்கெட்ட அழிச்சிரணுமாண்ணே?"

"எதுக்கு அழிக்க? உள்ளுக்குள்ள சின்னதா ஒரு பிட்ச் வரை. கோடையில மட்டும்னு போடு" என்றார் வரதராஜ். "அஞ்சு விக்கெட்னா சும்மாவா?"

டேக் கொடுக்கும் இந்த விதியை வரைபடத்தின் பொது விவாதப் பக்கத்தில் போட்டார்கள். ஒரு வாரத்தில் முப்பத்துநாலு பதில். ஏரி என்றே இருக்கட்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். அவருக்கு வரதராஜ் பொறுமையாக, கண் டாக்டரை இழுக்காமல், பதில் எழுதினார். ஆந்திராவிலிருந்து ஒருவர் "நாங்கள் செருவு என்கிற ஏரிகளுக்கும் இதே தலைவலிதான், உங்கள் விதியை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டதும் மறுப்புச் சொன்னவரும் இறங்கி வந்தார்.

பிறகு ஞாயிறு தவறாமல் வேலை. பஸ் போகிற ஊர்களை வரதராஜ் எடுத்துக்கொண்டார். சேத்தூர், தளவாய்புரம் பக்கம் முனீஸ்வரி. ஆலங்குளம் பக்கம் அனுக்ரஹாவும் தோழிகளும். அங்கே நீலமாகத் தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தைக் கண்மாய் என்று ஏற்றப் போனார்கள். மடை எங்கே என்று தேடிச் சுற்றி வந்த பிறகுதான் அது சுண்ணாம்புக் கல் எடுத்த குழி என்று தெரிந்தது.

தை பிறந்து பத்தாம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, முனீஸ்வரியின் போன் அடித்தது.

"அக்கா, நூத்து நாப்பத்திமூணு கண்மாய்!" என்று கத்தினாள் அனுக்ரஹா. "எங்க சார் எழுந்து நின்னு கை குடுத்தார்!"

முனீஸ்வரி போட்ட கூச்சலில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. "ஏட்டி, என்னாச்சு?" என்று எல்லாரும் ஓடி வந்தார்கள். அவள் போனில் வரைபடத்தை விரித்துக் காட்டினாள். பச்சைக்கு நடுவே நீலம் நீலமாகக் கண்மாய்கள். உடனே ஆளாளுக்குத் தன் ஊரைத் தேட ஆரம்பித்தார்கள். "எங்கூருது இருக்கா?" "பெருசு பண்ணிக் காட்டுடி!" "அந்தா, அந்தக் கரையிலதான் எங்க வீடு!" ஒருத்திக்கும் சாப்பாட்டு நினைப்பே இல்லை.

பட்டனுக்குக் காஜா எடுக்கும் இசக்கியம்மாள் மட்டும் போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"எங்கூருதக் கண்மாய்னு போட்டிருக்க. அது ஊருணில்லா? கால் நனைச்சாலே ஏசுவாகளே. யாரு போட்டா இத?"

"நாந்தான்" என்றாள் முனீஸ்வரி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கே தொட வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். "ஒனக்குத்தான் தெரியுது. நீயே திருத்து."

இசக்கியம்மாள் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஊ. ரு. ணி.