நான் கேட்காத பெர்மிட்

மே மாதம் மூன்றாவது வாரம் குலுக்கல் முடிவு வந்தது. எல்க் மான் வேட்டைக்குப் பெர்மிட் கிடைத்துவிட்டது, வாழ்த்துகள் என்று திரையில் பச்சை எழுத்து. கையிலிருந்த காபிக் கோப்பையைத் தூக்கிக் கழுவு தொட்டியில் அடித்தேன். சத்தம் கேட்டு என் கணவர் டெல்பர்ட் ஓடி வந்தார். இதய ஆபரேஷன் முடிந்து நாலு மாதம்தான், ஓடவே கூடாது.

"இந்த வருஷமும் கிடைக்கலையா, வில்டா?"

"கிடைச்சிருச்சு. அதான் வயித்தெரிச்சல்."

நான் பிறந்து வளர்ந்தது வயோமிங்கில். டெல்பர்ட்டின் ரயில்வே வேலைக்காக நெப்ராஸ்காவுக்கு வந்த நாளிலிருந்து வயோமிங்குக்கு நான் வெளியாள். வெளியாட்களுக்கு ஒதுக்குவது சொற்பப் பெர்மிட், அதற்கும் குலுக்கல். கிடைக்காத ஒவ்வொரு வருஷமும் பணம் கட்டி ஒரு புள்ளி சேர்த்துக்கொள்ளலாம். புள்ளி அதிகம் உள்ளவருக்கே முன்னுரிமை. பெர்மிட் கிடைத்ததும் புள்ளி மொத்தமும் பூஜ்யம்.

ஒரு மானைக்கூடச் சுடாமல் பதினைந்து வருஷம் சேர்த்தேன். எல்லாம் ஷீப்ஹார்ன் பகுதிக்காக. அங்கே பெரிய கிடா மான்கள் உண்டு. ஐம்பத்தொன்பது வயதுக்காரி நடந்தே போய் வரக்கூடிய மலையும்கூட. அதற்குப் பதினைந்து புள்ளி வேண்டும். இந்த வருஷம்தான் எனக்கு அது நிறைந்திருந்தது.

ஆனால் திரையில் இருந்தது டெட்வாட்டர் பகுதி. ஏழு புள்ளி இருந்தாலே கிடைக்கிற இடம். என் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்: பிரென்ட் ஆல்ட்மன். யாரென்றே தெரியாது.

விண்ணப்பம் போட்டவன் என் தம்பி ராய்ஸ். வயோமிங்கிலேயே ஒரு முதலாளியிடம் வேட்டை வழிகாட்டியாக இருக்கிறான். டெல்பர்ட் ஆபரேஷன் அறையில் இருந்த ஜனவரியில், "நீ மாமாவைப் பாருக்கா, பாஸ்வேர்டைச் சொல்லு, நானே போட்டுடறேன்" என்றான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

போனை எடுத்ததுமே அவனுக்குக் குஷி. "அக்கா! ரெண்டு பேருக்கும் விழுந்துருச்சு பாத்தியா!"

"ரெண்டு பேருன்னா யாருடா? எவன்டா அந்த ஆல்ட்மன்?"

"எங்க முதலாளியோட பெரிய கஸ்டமர். சிகாகோ பல் டாக்டர். அவருக்கு ஒரு புள்ளிகூட இல்ல. குழுவா போட்டா ரெண்டு பேர் புள்ளியையும் சராசரி எடுப்பாங்க. பதினஞ்சும் பூஜ்யமும், ஏழரை. டெட்வாட்டருக்குத் தாராளமா போதும்."

"என் புள்ளிய எடுத்து அவனுக்குக் குடுத்துட்ட."

"உனக்கும்தான பெர்மிட் வந்துருக்கு? எல்க் எங்க இருந்தா என்னக்கா, எல்க்குதான?"

"இன்னொரு பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் எனக்கு எழுபத்திநாலு. சக்கர நாற்காலியில உக்காந்து சுடவா?"

"சும்மா கத்தாத. அங்க பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ள வெளியாளு தனியா வேட்டைக்குப் போக முடியாது, தெரியும்ல? உள்ளூர்க்காரன் கூட வரணும். யாரு வருவா? நான்தான். டாக்டரோடயே உன்னையும் கூட்டிட்டுப் போறேன், ஜாலியா வா."

போனை வைத்தேன். நான் பிறந்த மலைக்குள் துப்பாக்கியோடு நுழைய என் தம்பி துணைக்கு வர வேண்டும். அதே மலையில் நியூயார்க்காரன் ஒருத்தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாகத் திரியலாம், கேட்பாரில்லை. கரடிக்கு எந்த ஊர்க்காரன் என்று தெரியுமா?

வேட்டை இலாகாவில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "உங்க பாஸ்வேர்டுல போட்டா நீங்க போட்ட மாதிரிதான், மேடம். புகார் குடுத்தா விசாரிப்பாங்க. புள்ளி திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது." நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் கத்தி என்ன பிரயோசனம்.

அப்புறம் மார்னியைக் கூப்பிட்டேன். ராய்ஸை விவாகரத்து செய்து ஆறு வருஷம் ஆகிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், இரண்டு கோவேறு கழுதை வைத்திருக்கிறாள். முக்கியமாக, வயோமிங்வாசி.

நான் முழுதும் சொல்லி முடித்தேன். பிறகு சொன்னாள்: "அண்ணி, துணைக்குப் போறதுக்கான அனுமதிச்சீட்ட உள்ளூர்க்காரங்களுக்கு இலவசமாத்தான் தராங்க. உங்க தம்பிக்கு எதிரான்னா காசு குடுத்தே வாங்குவேன்."

அக்டோபரில், வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே, டெட்வாட்டருக்குள் ஏறினோம். ராய்ஸ் கோடை முழுக்க ஒரு கிடாவை நோட்டம் பார்த்து, அதன் படத்தை டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். மார்னிக்கு இடமும் தெரியும். "அந்த ஆளு பதினெட்டு வருஷமா ஒரே ஓடைக்குத்தான் போறாரு. புதுசா யோசிக்கிற பழக்கமே கிடையாது" என்றாள்.

வேட்டையின் முதல் நாள் விடிந்ததும் ஓடைக்கு மேலே பைன் மரங்களிலிருந்து அந்தக் கிடா இறங்கியது. இருநூறு கஜம் இருக்கும். கல்லின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை விட்டு, ஒரே குண்டு. நாற்பது அடி ஓடி விழுந்தது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தோலுரிக்கக் கத்தியை எடுத்தேன்.

அரை மணியில் குதிரைகளோடு ராய்ஸ் வந்தான். பின்னால் புத்தம்புது ஜாக்கெட்டில் ஒரு மனிதர்.

ராய்ஸ் மானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மார்னியைப் பார்த்தான். "இது அவரோட மான்!"

"காதுல பேரு எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றாள் மார்னி.

டாக்டர் குதிரையிலிருந்து இறங்கி வந்து தொப்பியைக் கழற்றினார். "நீங்கதான் வில்டாவா? உங்களுக்கு நேர்ல நன்றி சொல்லணும்னு இருந்தேன். வயசாயிடுச்சு, இனிமே வேட்டைக்கு முடியாது, புள்ளி வீணாப் போகுதேன்னு நீங்களே விட்டுக்குடுத்ததா ராய்ஸ் சொன்னாரு..."

அப்போதுதான் அவர் என்னை நன்றாகப் பார்த்தார். என் கைகள் முழங்கைவரை ரத்தம். தோலுரித்த முன்தொடை என் மடியில் கிடந்தது.

"வயசாயிருச்சுன்னா சொன்ன?" என்று ராய்ஸைக் கேட்டேன்.

"அக்கா, அவர் எதிர்ல வேணாம்..."

"நான் மாமா செத்துருவாரோன்னு வராந்தாவுல நின்னுட்டிருந்தேன்டா. அன்னிக்கு என்கிட்டருந்து திருடியிருக்க."

"இத்தன வருஷமா உதவி வழிகாட்டியாவே கெடக்கேன், இந்த ஒரு டாக்டர் திருப்தியானா முதலாளி என்னைத் தொழில்ல பார்ட்னரா சேத்துக்கறேன்னாரு. என் நெலம உனக்குப் புரியாதா?"

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

டாக்டர் தலைகுனிந்து நின்றார். "எனக்குத் தெரியாதுங்க" என்றார் மெல்ல. பிறகு குதிரையைத் திருப்பி, "கூடாரத்துக்குப் போகலாம், ராய்ஸ். நாளைக்கே கெளம்பறேன்" என்றார். ராய்ஸின் முகம் வெளுத்துப்போனது.

போகும்முன் அவன், "மூணு குதிரை இருக்கு, கறிய ஏத்திக்கிறேன்" என்று முனகினான்.

"உன் குதிரை மேல ஒரு எலும்புகூட ஏறாது."

கறியைக் கீழே கொண்டுபோக எங்களுக்கு மூன்று நாள் ஆனது. கழுதைகள் இரண்டும் தளர்ந்துபோக, கடைசி மூட்டையை நானே சுமந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது. கறியில் பாதியை மார்னி தன் பங்காக எடுத்துக்கொண்டாள்.

நவம்பரில் புகார் மனுவை எழுதி அனுப்பினேன். புள்ளி திரும்ப வராது என்று தெரிந்தேதான் அனுப்பினேன். ராய்ஸின் வழிகாட்டி உரிமத்தை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். "உன் சொந்தத் தம்பிம்மா" என்றார் டெல்பர்ட். தெரியும் என்றேன்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று மார்னி போனில் கேட்டாள். இல்லை.