வெள்ளைநாச்சிக்கு எந்த ஊர்?

"சாமி படத்தையெல்லாம் செவுத்தப் பாத்துத் திருப்பி வைங்கடி" என்று ஒச்சாயி அத்தை கூடத்திலிருந்து மூன்றாவது முறையாகக் கத்தியபோது பாண்டிமீனாவின் கையில் நான்காவது படம் இருந்தது. முருகன், மீனாட்சி, அழகர் மூவரும் மறுபேச்சில்லாமல் திரும்பிக்கொண்டார்கள். சாவு விழுந்த வீட்டில் சாமிகள் எதையும் பார்க்கக் கூடாது, தீட்டு. கூடத்தில் அவளுடைய அப்பா விருமாண்டி ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். காலையில் காபி கேட்டவர், அது ஆறுவதற்குள் போய்விட்டார்.

நான்காவது படம் வெள்ளைநாச்சி. அதைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்பக்க அட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து.

நாடு: ஜப்பான்.
சரக்கு: துணிக்கட்டு லேபிள்.
காலம்: 1930 சுமார்.
ஆதாரம்: கீழ் ஓரத்து மடிப்பில் ஜப்பான் எழுத்து மூன்று.
முடிவு: அசல்.

அதற்கும் கீழே ஒரு தேதி. 12.6.1994.

விருமாண்டி தபால் ஆபீசில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். பழைய ஜப்பான் ஸ்டாம்பு, லேபிள் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அந்தக் காலத்து ஸ்டாம்பில் ஜப்பான் என்று இங்கிலீஷில் இருக்காது, பதினாறு இதழ் செவ்வந்திப் பூ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலியாக அடித்த ஸ்டாம்பு சிலவற்றில் நகல் என்று சொல்லும் ஜப்பான் எழுத்து இரண்டே இரண்டு, எறும்பு மாதிரி எங்காவது ஒளிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த எறும்பைத் தேடித்தான் பத்து வயதிலேயே மகளுக்குக் கண்ணாடி போட வேண்டியதாயிற்று என்பது அம்மா மாயக்காளின் தீராத புகார். கொட்டாம்பட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். லென்ஸை வைத்துப் பார்த்து, நாடு, சரக்கு, காலம், ஆதாரம், முடிவு என்று ஐந்து வரி எழுதிக் கொடுப்பார். கையில் வந்த எதையும் எழுதாமல் விட்டதில்லை.

அதற்காக இதையுமா எழுத வேண்டும்? பாண்டிமீனாவுக்குச் செத்துக் கிடக்கிற மனிதர்மேல் கோபமே வந்தது.

வெள்ளைநாச்சி வேறு எந்த வீட்டிலும் இல்லாத சாமி. பாறைமேல் உட்கார்ந்து மடியில் வீணை போல ஒன்றை வைத்திருப்பாள். காலடியில் வெள்ளைப் பாம்பு. மாயக்காளின் தாய் சின்ன வயதில் ஜவுளிக்கடையில் கட்டுப் பிரிக்கும் வேலைக்குப் போன இடத்தில் கையில் வந்து சேர்ந்த படம். பேர் வைத்ததும் அவள்தான். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்த மாயக்காள் இவளிடம் நேர்ந்துகொண்டுதான் பாண்டிமீனாவைப் பெற்றாள். பென்சில் கணக்குப்படி பார்த்தால் பாண்டிமீனா ஒரு துணிக்கட்டு லேபிள் கொடுத்த வரம். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

தொண்ணூற்று நாலில் படத்தின் கண்ணாடி உடைந்ததும், மாற்றி வருகிறேன் என்று அப்பா எடுத்துப்போனதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் முப்பது வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்து, திருநீறு பூசி, அம்மா பக்கத்தில் நின்று கைகூப்பியிருக்கிறார். அம்மா கண்ணைத் திறந்த பிறகும் அவர் மூடியபடியே நிற்பார்.

அம்மா இதைப் பார்த்துவிடக் கூடாது. புருஷனையும் சாமியையும் ஒரே நாளில் பறிகொடுக்க அந்த உடம்பில் தெம்பில்லை.

விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அப்பா அழுத்தி எழுதுகிறவர். அட்டை கறுத்ததே தவிர எழுத்து அசையவில்லை. வேறு வழியில்லாமல் படத்தை மறுபடி முன்பக்கமாகவே வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒச்சாயி அத்தை உள்ளே வந்தாள்.

"அதென்ன, இவ மட்டும் நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கா?"

"அத்தை, அது இருக்கட்டும்..."

"இருக்கட்டுமா? தீட்டுடி! போ, ஒங்காத்தாவுக்கு ஒரு வாய் காப்பியாச்சும் குடு" என்று அத்தை தன் கையாலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பென்சில் எழுத்து அவள் கண்ணுக்கு வெறும் அழுக்கு.

பாண்டிமீனா மறுபடி கை நீட்டுவதற்குள் மாயக்காள் வந்துவிட்டாள். அவருக்கு உடுத்த ஜரிகை வேட்டி வேண்டுமாம். பீரோவைத் திறந்து, வேட்டியை எடுத்து, மூடிவிட்டுத் திரும்பியவள் நின்றாள். ஐம்பது வருஷமாக மளிகைச் சீட்டில் பார்த்த கையெழுத்து, தப்புமா? ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"ஜப்பானா?"

வேறு படத்து அட்டை மாறிவிட்டது என்று ஒரு பொய் சொன்னால் போதும். பாண்டிமீனாவுக்கு வாய் வரவில்லை.

"ஆமாம்மா. துணிக்கட்டுல ஒட்டி வந்த லேபிளு."

வாசலில் கொட்டுச் சத்தம் தொடங்கி, யாரோ அதட்டியதும் நின்றது.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"தெரிஞ்சுமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம எங்கூட நின்னு கும்பிட்டாரு?"

பாண்டிமீனாவுக்கு அதுவரை வராத அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அசல்னு எழுதிருக்காரும்மா. கடைசில பாரு."

"பாத்தேன்." மாயக்காள் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "எம்புட்டுத் தூரம் இருக்கும், ஜப்பான்?"

"கடலுக்கு அங்கிட்டும்மா. அந்தக் காலத்துல கப்பல்ல வாரக்கணக்கா வரணும்."

"அம்புட்டுத் தூரத்துலருந்து நம்ம வீடு தேடி வந்திருக்கா. அவளப் போயி செவுத்தப் பாக்க வச்சிருக்கீக."

படத்தை எடுத்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். ஒச்சாயி அத்தை எழுந்து ஓடி வந்து மறித்தாள்.

"ஏ மாயக்கா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? பொணம் கெடக்குற எடத்துக்குச் சாமியக் கொண்டாரே?"

"சாமி இல்ல மதினி, ஜப்பான் லேபிளு. ஒங்க தம்பி தன் கையால எழுதி வச்சிருக்காரு, பாருங்க." மாயக்காள் படத்தைத் திருப்பிக் காட்டினாள். குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "லேபிளுக்கு ஏது தீட்டு? எடுக்குற வரைக்கும் அவரு மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

அத்தை அந்த எழுத்துகளைப் பார்த்தாள். பெட்டிக்குள் கிடந்த தம்பியைப் பார்த்தாள். மாயக்காள் படத்தை முன்பக்கம் திருப்பியதும் அத்தையின் கை கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தானாக எழுந்து, பாதியில் நின்றது.

பிறகு ஐஸ் பெட்டியின் மேல் கிடந்த ரோஜா மாலைகளை, தலைமாட்டுப் பக்கம் ஒரு படம் வைக்கிற அளவுக்கு ஒதுக்கினாள்.

"கண்ணாடி. பாத்து வையி" என்றாள்.